வாசல் விளக்கைப் போடாதவள்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் அந்தச் சிற்றூருக்கு மார்லிஸ் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை திறப்பு. தெருக்காரர்களின் பிள்ளைகள்தான் வரவேண்டும். அவர்களை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

முதல் பனி விழுந்த மாலையில் எதிர்வீட்டு லோர்னா, உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தோடு வந்தாள். அவள் கண் வாசல் விளக்கிலேயே இருந்தது.

"இன்னும் லைட் போடலையா? ஊர் குரூப்புல எச்சரிக்கை வந்திருக்கே. ஷேர் பண்ணிட்டு வாசல் லைட்டைப் போடணும். இங்க அதுதான் வழக்கம்."

மார்லிஸ் கைப்பேசியைப் பார்த்தாள். வெள்ளை வேன் ஒன்று, பக்கத்தில் நரைத்த தாடிக்காரர். 'பிள்ளை பிடிக்கிறவன், ஜாக்கிரதை.' போட்டவர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"யார் இவர்?"

"ஆர்வில். நீ இருக்கிற வீடு அவரோடதுதான்." லோர்னாவின் குரல் இறங்கியது. "செத்துட்டாரு. ஆனா வருஷா வருஷம் முதல் பனிக்கு இது தானா வருதும்மா."

"நெஜமாவே பிள்ளை பிடிச்சாரா?"

"சேச்சே! தொலைஞ்ச நாய்ங்களத் தேடித் திரிவாரு, பாவம்."

"அப்ப ஏன் ஷேர் பண்ணீங்க?"

"அவரு உயிரோட இருக்கறப்ப, ஒரு முதல் பனி அன்னைக்குத்தான் இது மொதல்ல வந்துது. பக்கத்து வீட்டுல பண்ணாங்க, விசாரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். கேட்டா, அவங்க என்னைப் பாத்துப் பண்ணாங்களாம்." லோர்னா கையுறையைத் திருகினாள். "அன்னைக்கு ராத்திரியே அவருக்கு நெஞ்சுவலி. வீடு வீடாத் தட்டினாரு. எல்லா வாசல்லயும் லைட் எரிஞ்சுது. ஒருத்தரும் தெறக்கல."

"நீங்க?"

லோர்னா படியிறங்கினாள். "லைட் எரியாத வீட்டுக்குத்தான் வருவாரு. போட்டுடும்மா."

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றதும் போதாமல் விளக்கு வேறு போட்டுக் காவல் காக்கிறார்களா? எரிந்துகொண்டிருந்த கூடத்து விளக்கையும் அணைத்தாள்.

இருட்டத் தொடங்கியது. தெரு முழுக்க மஞ்சள் விளக்குகள். கைப்பேசி அதிர்ந்தது.

'புதுசா வந்தவ வீட்டுல லைட் இல்ல. எதை மறைக்கிறா?'

அடுத்து அவளுடைய படமே வந்தது. 'பிள்ளைகளை அனுப்பாதீங்க. உண்மையோ பொய்யோ, ஜாக்கிரதையா இருப்போம்.' திங்கட்கிழமைக்குப் பெயர் கொடுத்திருந்த தாய்மார்கள் ஒவ்வொருவராகப் பகிர்ந்தார்கள்.

லோர்னாவும் பகிர்ந்தாள்.

விளக்கைப் போட்டு, ஆர்விலின் படத்தைப் பகிர்ந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. பலமில்லாத கை.

நனைந்த கம்பளியும் நாய் முடியும் கலந்த வாடை கதவிடுக்கில் கசிந்தது. மார்லிஸுக்குப் பயம்தான், பொல்லாத பயம். ஆனாலும் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

பனியில் காலடித் தடங்கள் வாசல்வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

"ஆர்வில்," என்றாள். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை நான் ஷேர் பண்ண மாட்டேன். வாங்க, போய்க் கேப்போம்."

கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். பனி நொறுங்கும் சத்தம் இரண்டு பேருடையதாகக் கேட்டது. அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

லோர்னாவின் கதவை ஓங்கித் தட்டினாள். "தெறங்க லோர்னா! என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க, நான் எதை மறைச்சேன்?"

திரைச்சீலை விலகியது. கண்ணாடிக்குப் பின்னால் லோர்னாவின் முகம் வெளுத்தது.

"மார்லிஸ்... உன் பக்கத்துல நிக்கிறது..."

"தெரிஞ்சவர்தான். தெறங்க."

வாசல் விளக்கு பட்டென்று அணைந்தது.

மார்லிஸ் கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

கதவு தட்டப்படுவது நிற்கவில்லை.