பக்கத்து ஆள் வந்தாச்சா

வங்கிக்காரரின் மனைவி வெளியே நின்று ஏரியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். வங்கிக்காரரோ பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, "வந்தாச்சு" என்றார்.

சின்னவள் அப்போதுதான் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை ஸ்வெட்டர் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். கரையோரக் கம்பியில் சாய்ந்து, மஞ்சள் மழைக்கோட்டோடு, ஒரு கண்ணை மூடிச் செல்போனில் குறிபார்த்தபடி நின்றது அந்த அம்மாள்தான். சந்தேகமே இல்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு புஸ்ஸென்று சாத்திக்கொண்டது, வண்டியும் கிளம்பிவிட்டது. பதறிப்போய் முன்சீட்டைப் பார்த்தால், வங்கிக்காரர் பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டு உட்கார்ந்திருந்தது. தொப்பியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி அசையாமல் இருந்தது. கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழையே இல்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி பாக்கற?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணுமில்லக்கா. கண்ணு ஏமாத்திடுச்சு."

"சின்னக் குழு, குடும்பம் மாதிரி போய்ட்டு வரலாம்" என்று ஆசை காட்டித்தான் ஏஜென்ட் அக்கா தங்கை இருவருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். குடும்பம் மாதிரிதான் இருந்தது, அதாவது யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. பெரிய பஸ் என்றால் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். இந்தக் குட்டி பஸ்ஸில் யார் குறட்டை விடுகிறார், யார் ஓட்டல் ரொட்டியைச் சுருட்டிக் கைப்பைக்குள் தள்ளுகிறார் என்பதெல்லாம் இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோனது. யார் லேட் என்பதும்தான்.

லேட் என்றால் பெரியவள்தான். காலமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றே நர்ஸ் வேலை பார்த்து மூட்டு தேய்ந்துபோனவள். சர்க்கரை வேறு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பாத்ரூம் தேட வேண்டும். முதல் நாளே பாஸ்போர்ட்டைச் சாப்பாட்டு மேஜையில் மறந்து வைத்துவிட்டு வந்ததால், அன்றிலிருந்து அவள் பாஸ்போர்ட், மாத்திரை, பர்ஸ் எல்லாம் சின்னவளின் பைக்குள் போய்விட்டன. அவள் போன் ஓட்டல் வைஃபை இருந்தால்தான் பேசும். பாஷை தெரியாத அந்த நாட்டில் பெரியவளுக்கு இருந்த ஒரே ஆதாரம் தங்கைதான். அது சின்னவளுக்கு நன்றாகவே தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, நிறைய அலுப்பும் இருந்தது.

வழிகாட்டி தலை எண்ணும் ஆள் இல்லை. "நீங்க என்ன ஆட்டு மந்தையா, எண்ணிக்கிட்டு இருக்க? அவங்கவங்க பக்கத்து ஆளை அவங்கவங்க பாத்துக்குங்க. வந்தாச்சுன்னு நீங்க சொன்னா எனக்கு வந்தாச்சு, அவ்வளவுதான்" என்று முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கேட்பார், சீட்டுக்குச் சீட்டு "வந்தாச்சு, வந்தாச்சு" என்று பதில் வரும். சின்னவளின் முறை வரும்போது மட்டும், "இன்னும் வரலைங்க." உடனே பஸ் முழுக்க உச்சுக் கொட்டும் சத்தம். பெரியவள் மூச்சிரைக்கப் படியேறும்போது எல்லோரும் நிதானமாக, விட்டு விட்டுக் கை தட்டுவார்கள். முதல் தடவை அதைப் பாராட்டு என்று நினைத்து அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். சின்னவளுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது.

"நம்மளைக் கண்டாலே ஏன்டி இப்படிக் கடுகடுன்னு இருக்காங்க?"

"நீ ஒருநாளாவது சீக்கிரம் வா, அப்புறம் பாரு."

ஆனால் லேட் மட்டும்தான் காரணமா என்று சின்னவளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஆரம்பத்தில் இவர்கள் இப்படி இல்லை. பின்சீட்டு டீச்சரின் கணவர் வாயைத் திறந்தால் கடி ஜோக்குதான். வங்கிக்காரரின் மனைவி இன்று காலைவரை பெரியவளோடு உட்கார்ந்து மருமகனைப் பற்றி வண்டி வண்டியாகக் குறை சொல்லியிருக்கிறாள். டீச்சரின் கணவர் ஜோக் சொல்லி மூன்று நாளாகிறது. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பது?

மதியச் சாப்பாட்டு மேஜையில் வங்கிக்காரரின் மனைவி முன்னால் வைத்த சூப்பில் ஆடை படிந்துவிட்டது. ஸ்பூனை அவள் தொடவில்லை. வங்கிக்காரர் அந்தப் பக்கம் திரும்பாமலே தன் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பெரியவள் சும்மா இருப்பாளா? எழுந்து போய், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று வாஞ்சையாகக் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாடி இல்லடி" என்றாள்.

"என்னது?"

"எத்தனை கையைப் பிடிச்சுப் பாத்திருப்பேன்! குளிர்ல கை ஜில்லுனு இருக்கறது வேற, இது வேற. அது அவ இல்லடி."

"மெதுவா பேசுக்கா. ஏற்கெனவே நம்மளைக் கரிச்சுக் கொட்டறாங்க, நீ வேற மானத்தை வாங்காத."

சின்னவள் கை கழுவிவிட்டு வரும்போது காபி மெஷின் பக்கம் வங்கிக்காரர் நின்றிருந்தார். கையில் இருந்த கோப்பையை அவர் இன்னும் வாயில் வைக்கவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல், "ஒரே ஒரு வார்த்தைதாங்க சொன்னேன். பின்னாடியே வந்துக்கிட்டுதானே இருப்பான்னு..." என்று ஆரம்பித்தார். எங்கிருந்து வந்தாளோ டீச்சர், "சார், காபி ஆறுது பாருங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனாள். போகிறபோது சின்னவளை ஒரு பார்வை பார்த்தாள். காய்கறிக் கடையில் அழுகல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிற பார்வை அது.

அந்தி மங்கும்போது மலைக் கணவாயில் கடைசியாக நிறுத்தினார்கள். ஒரு பெட்ரோல் பங்க், பூட்டிக் கிடந்த ஒரு கடை, அதன் பின்னால் படி இறங்கிப் போனால் கழிப்பறை. அதைத் தவிர அங்கே பனிமூட்டம்தான் இருந்தது, டீசல் நாற்றத்தோடு மூக்கில் ஏறுகிற, சாலையையும் பள்ளத்தையும் ஒன்றாக்கி மூடிவிட்ட பனிமூட்டம். எங்கேயோ ஒரு கொடிக்கம்பத்தில் கயிறு காற்றில் அடித்து அடித்து டங் டங் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சின்னவள் கழிப்பறை வாசலில் குளிரில் பல் கிட்டிக்க நின்றாள். மேலே ஹாரன் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

"நீ போய் வண்டியில உக்காருடி" என்று உள்ளேயிருந்து பெரியவளின் குரல் வந்தது. "நீ இருந்தா விட்டுட்டுப் போக மாட்டானுங்க. நான் பின்னாடியே வந்துடறேன்."

பஸ்ஸுக்குள் ஹீட்டர் சூடு. அந்தச் சூட்டையும் மீறி ஒரு வாடை, நாள்கணக்கில் மூடி வைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் பாசி வாடை. சின்னவள் தன் ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"பக்கத்து ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு." "வந்தாச்சு." வங்கிக்காரரின் குரல் கம்மிப்போய் வந்தது. "வந்தாச்சு."

பஸ் காத்திருந்தது.

"இன்னும்..." என்று சின்னவள் இழுத்தாள்.

"இதையெல்லாம் வீட்டுல கட்டிப்போட்டுட்டு வரணும்" என்றாள் டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படி.

இதையெல்லாம். மாட்டைச் சொல்வதுபோல. திரும்பி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் சின்னவளுக்குக் கோபம் டீச்சர்மேல் வரவில்லை, அக்காமேல்தான் வந்தது. சின்ன வயதில் தனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அக்காமேல். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். அதோ, மேல்படியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதா ஸ்வெட்டர். ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறாள். கண்ணெதிரே வருகிறாள். இதில் என்ன பொய் இருக்கிறது?

"வந்தாச்சு" என்றாள்.

பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு.

கதவு சாத்திக்கொண்டது.

"இருங்க, இருங்க, இதோ வந்துட்டாங்க, கதவைத் திறங்க..."

சளக்.

பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம். பஸ்ஸின் கடைசி வரிசையில் பெட்டிகளைத் தவிர எதுவும் கிடையாது. சளக். சளக். ஈரக்கால் வைத்து யாரோ நடந்து வருகிறார்கள். நிதானமான நடை. நொண்டல் இல்லாத நடை. பாசி வாடை கிட்டே வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவளும் பார்க்கவில்லை. கழுத்து மறுத்துவிட்டது.

பக்கத்து சீட் அமுங்கியது.

ஓரக்கண்ணில் ஊதா ஸ்வெட்டர். அதே பின்னல். காதுக்குக் கீழே அதே மச்சம். முடியிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நேராக முன்னால் பார்த்தது. மூச்சு விடவில்லை.

"நிறுத்துங்க!" குரல் கீச்சென்று வந்தது. "எங்க அக்கா வெளிய இருக்காங்க! இது எங்க அக்கா இல்ல!"

வழிகாட்டி மைக்கை எடுத்தார். "பக்கத்துலயே இருக்காங்களேம்மா. நீங்கதானே வந்தாச்சுன்னு சொன்னீங்க."

"பொய் சொல்லிட்டேங்க. தெரியாம சொல்லிட்டேன். அவங்க பாஸ்போர்ட்கூட என்கிட்டதான் இருக்கு..."

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு அவள் தோளை ஆதரவாகத் தட்டியது. டீச்சர். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். கையில் ஒரு மிட்டாய் இருந்தது.

"சாப்பிடுங்க. முதல் நாள் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் பழகிடும். சோறு கேக்காது, லேட் பண்ணாது, ஒரு தொந்தரவு கிடையாது. நீங்க ரெண்டு பேர்தான் பாக்கி இருந்தீங்க. உங்களைப் பாக்கப் பாக்க எங்களுக்கெல்லாம் எவ்வளவு சங்கடமா இருந்துச்சு தெரியுமா?"

எல்லோரும் திரும்பிச் சின்னவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்பான, நிம்மதியான சிரிப்பு. ஒவ்வொரு சீட்டிலும் ஒருவர்தான் சிரித்தார். பக்கத்து ஆள் முன்னால் பார்த்தபடி இருந்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருடைய காலர்களும் ஈரம்.

பஸ் பின்னால் நகர்ந்தது. பீப். பீப். பனிக்குள் சக்கரம் திரும்பியது. பெரியவள் ஓடி வந்தாள். ஓடவே முடியாதவள், முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டாள். உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. தங்கையின் பெயர்தான்.

சின்னவள் எழப் பார்த்தாள். வழியை அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

அந்தக் கையை, மணிக்கட்டில், அது பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த பிடி. வலிக்காத பிடி. அக்கா பிடிப்பதுபோலவே, இதமாக. மடியில் இருக்கும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, சின்னவளின் கையைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மெதுவாக ஆட்டியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம்.

வெளியே பெரியவள் அதைப் பார்த்தாள். ஓடுவதை நிறுத்தினாள். தட்டுவதற்காக ஓங்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டு, தனக்கு டாட்டா காட்டும் தங்கையைப் பார்த்தபடி பனிக்குள் நின்றாள்.