பழைய பிரவுசரில் தெரிந்தது

பழைய பிரவுசரில் மட்டும் குழந்தையின் தோளில் ஒரு கை இருந்தது.

நிமியா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். குழந்தைகள் உடைக்கடை ஒன்றுக்காக அவள் செய்துகொண்டிருந்த இணையப் பக்கம் அது. பின்னால் மஞ்சள் சுவர், நடுவில் அவள் மகள் அராசெலி, முன்னால் விலைச்சீட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். செலவு மிச்சம் என்று படத்தைப் பிள்ளையின் அறையிலேயே எடுத்திருந்தாள். புதிய பிரவுசரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைக்கார அம்மாளிடம் இருப்பதோ பழையது.

என்கார்னசியோன் நகரமே சியெஸ்தா என்ற பகல் தூக்கத்தில் முடங்கிக் கிடந்த மதியம். தெருவில் ஈ காக்காய் இல்லை. மூடிய ஜன்னல் இடுக்கில் சுடுமண் வாடையும் அடுத்த வீட்டில் உதிர்ந்து அழுகிய மாம்பழத்தின் புளிப்பும் கசிந்துவர, மின்விசிறி கறகறவென்று சுற்ற, பக்கத்து அறையில் தூங்கும் அராசெலியின் மூச்சுக்கூடக் கேட்கிற அமைதி. சியெஸ்தாவில் தூங்காத பிள்ளையை ஏதோ ஒன்று கூட்டிப்போய்விடும் என்று ஊரே சொல்லும். நிமியாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவள் சந்தேகப்பட்டது தன்னோடு வேலை செய்யும் டெர்லிஸை. எந்நேரமும் யாரையாவது சீண்டிக்கொண்டே இருப்பவன்.

போன் போட்டாள்.

"தூங்குறவனை எழுப்புறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"படத்துல கையை ஒட்டினது நீதானே? விளையாடாதே டெர்லிஸ், சாயங்காலம் பக்கத்தைக் குடுக்கணும்."

"எங்கம்மா மேல சத்தியமா நான் இல்ல. பாப்பாவுக்குப் பெரிய எண்ணாப் போடு, எல்லாத்துக்கும் மேல வந்துரும்."

அடுக்கில் எது மேலே என்பதை எண்தான் தீர்மானிக்கும். வரிசையாக ஒன்பதுகளைத் தட்டினாள். அராசெலி முன்னால் வந்தாள். கையும் கூடவே வந்தது. இப்போது முழங்கை வரை.

"அதுவும் சேர்ந்து வருதுடா."

"அப்போ ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டி எங்க போகுதோ, உள்ள இருக்கறதும் அங்கதான் போகும். முதல்ல அதைத் தனியாப் பிரி..."

லைன் அறுந்தது.

பிரிக்க எதுவுமே இல்லை. அவள் எழுதிய வரிகளில் அப்படி ஒரு கை கிடையாது. மூலப் படத்திலும் கிடையாது. பொய் சொல்கிறானா? அவன் இல்லையென்றால் யார்?

மானிட்டரில் இப்போது தோள்பட்டை. நீளக் கழுத்து. அடுத்தது முகம்.

ஐயோ, அதைப் பார்க்க அவளால் முடியாது. போய்த் தொலை என்று அவசரத்தில் பெட்டியின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைத் தட்டினாள். பெட்டி சுவருக்குப் பின்னால் போயிற்று. கை மறைந்தது.

அப்பாடா.

மஞ்சள் சுவர். விலைச்சீட்டு. அராசெலி இல்லை.

மின்விசிறிச் சத்தம். மூச்சுச் சத்தம் இல்லை.

ஓடினாள். கட்டில் காலி. தலையணையில் சூடு.

"அராசெலி!"

"அம்மா..." அறையின் மஞ்சள் சுவருக்குள்ளிருந்து. "இங்க இருட்டா இருக்கும்மா."

சுவரைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது.

"அம்மா, எங்களை முன்னால கூப்பிடுவியாம். இவங்க சொல்றாங்க."

எங்களை.

மேசைக்கு வந்தாள். பெட்டி வந்தால் இரண்டும் வரும். தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது அவள் பிள்ளை. குறியை அழித்தாள்.

பக்கத்து அறையில் காலடிச் சத்தம்.

அந்த அறை வாசலின் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள். மேலே, நிலையின் உச்சியை ஒட்டி, துணியை உள்ளிருந்து அழுத்திக்கொண்டு ஒரு முகம்.