அச்சேறாத ஒரு மரணம்

செத்தும் இவள் இடம்விட மாட்டேன் என்கிறாளே என்று நினைத்துக்கொண்டே குன்வோர் பத்திரிகை அலுவலகத்தின் பூட்டைத் திறந்தாள். பகல் பன்னிரண்டு மணி. துருவத்தை ஒட்டிய அந்த ஊரில் மூன்று வாரமாகச் சூரியன் எழாத டிசம்பர். கடலும் வானமும் ஒரே கறுப்பு.

பத்திரிகை நின்று பதினொரு ஆண்டுகள். அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதித் தரும்படி ஊர் நூலகம் அவளைக் கேட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் அங்கே இரங்கல் அறிவிப்புகளைக் கவனித்தவள் அவள். கணவன் ஐலர்ட் கடைசி ஆசிரியன். எந்தப் பழைய தொகுப்பைப் பிரித்தாலும் நிருபர் ஓஸ்னேயின் பெயர்தான் கண்ணில் குத்தியது. அந்தப் பெயரைச் சொல்லும்போது ஐலர்ட்டின் குரல் இன்றும் குழையும்.

செய்திக்காக ஏறிப்போன மீன்பிடிப் படகோடு கடல் ஓஸ்னேயைக் கொண்டுபோய் நாற்பது வருடம். உடல் கிடைக்கவில்லை. ஊரில் எல்லோருடைய சாவையும் அச்சிட்ட பத்திரிகை அவளுடையதை மட்டும் அச்சிடவில்லை. இரங்கல் அறிவிப்பில் இறந்தவர் பெயருக்குக் கீழே மிக நெருங்கியவரின் பெயர் முதலில் வரவேண்டும். ஓஸ்னேவுக்கு உறவென்று யாருமில்லை. அந்த முதல் இடத்தில் யாரைப் போடுவது என்று அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உள்ளே மை வாசனை இல்லை. உப்புத்தண்ணீர் வாசனை.

"குழாய் எதுவும் ஒடஞ்சிருக்கா?"

"தண்ணிய நிறுத்தி எத்தன வருஷமாச்சு," என்றான் பின்னாலேயே உள்ளே வந்த ஐலர்ட்.

சொட்டு. சொட்டு.

எழுத்துக் கோக்கும் பழைய மேசையில் ஈய எழுத்துகள் ஈரமாக மின்னின. குன்வோர் டார்ச்சைத் தாழ்த்தினாள்.

ஓஸ்னே.

அதன் கீழே, ஐலர்ட்.

"நீ கோத்ததா?"

"சத்தியமா இல்ல." அவன் மேசையை விட்டு ஓரடி விலகினான். "புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல இத அப்படியே போட்டுடு, குன்வோர். அவ போயிடுவா."

"உன் பேரோடயா?"

"செத்தவ மேல என்ன பொறாம?"

"அவ உயிரோட இருந்தப்பவும் இதத்தான் கேட்ட. கூட வேல பாக்குறவ மேல என்ன பொறாமன்னு."

அந்த ஒரு வரி அச்சேறினால் போதும், இத்தனை வருடம் மனைவியாக இருந்தவள் இரண்டாமவளாகிவிடுவாள்.

கணவனின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, கையில் பொத்தி, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள் குன்வோர். ஐலர்ட் முன்னால் வாசலுக்குப் போய்விட்டான்.

பைக்குள், பொத்திய கையின் மேல் இன்னொரு கை படிந்தது.

ஈரமான கை.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தது.

குன்வோர் இறுக்கிக்கொண்டாள்.

"தர மாட்டேன், ஓஸ்னே," என்றாள் மெதுவாக.