கிணற்றில் கிடைத்த சீமை வண்டி

துப்பறிகிறவரைத் தேடி வந்த பெண் கொண்டுவந்த சைக்கிள் சட்டத்தைச் செய்தித்தாள் விரித்த மேசைமேல் கிடத்தினார்கள். சக்கரமில்லை, சீட்டில்லை, பெடல் அச்சும் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் மட்டும் மிச்சம். காய்ந்த சேறு மொத்தத்தையும் மூடியிருந்தது. அறை முழுக்கக் கிணற்று வாடை.

"வீட்டுக் கிணத்தைத் தூர் வாரினப்போ வந்துச்சுங்க. கழுவக்கூட இல்லை. எங்க அப்பா வண்டியான்னு பார்த்துச் சொல்லுங்க," என்றாள். "அதுல ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. இன்னிக்கும் எனக்கு 'ஓடிப்போனவன் மக'ன்னுதான் பேரு."

கூடவே ஒட்டிக்கொண்டு வந்த சித்தப்பா சலித்துக்கொண்டார். "அண்ணன் ஸ்டேஷன் பக்கம் மிதிச்சுப் போனதை நானே பார்த்தேன். இது எங்க தாத்தா வண்டி. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். நம்பர்கூட இல்லாத துருவை வச்சுக்கிட்டு இவ உயிரை வாங்குறா. நாத்தம் தாங்காம தூர் வாருற வேலையையே பாதியில நிறுத்திட்டேன்."

துப்பறிகிறவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாய் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அவருடைய மச்சான் அப்படியே நேரெதிர். அதற்குள் ஸ்க்ரூ டிரைவரால் பெடல் அச்சுக் குழலைச் சுரண்டி முடித்திருந்தார்.

"அத்தான், அசல் இங்கிலீஷ் வண்டி! உள்ளே திருகு மரை எவ்வளவு நெருக்கம் பாருங்க. ஒரே கம்பெனிதான் இப்படி வெட்டும்!"

"அப்பாவோடதும் அந்தக் கம்பெனிதான்," என்றாள் அவள்.

"தாத்தாவோடதும் அதேதான்," என்றார் சித்தப்பா, பட்டென்று.

"அப்போ வண்டியோட வயசுதான் சொல்லணும்," என்று நிதானம் அந்தக் குழலைச் சுற்றி விரலை ஓட்டினார். "அந்தக் காலத்து வண்டியில இங்க எண்ணெய் விட ஒரு சின்ன மூடி இருக்கும். பிற்பாடு அதை நிறுத்திட்டாங்க. இதுல மூடியும் இல்லை, ஓட்டையும் இல்லை. உங்க தாத்தா போனதுக்கு ரொம்ப நாள் கழிச்சுச் செஞ்ச சட்டம் இது."

பிறகு ஈரத்துணியால் சீட் குழாயின் கழுத்தைத் துடைத்தார். சேறு பாளமாகக் கழன்றது. அடியில் எண் இருக்கவேண்டிய இடத்தில் அரம் போட்டு ராவிய கோடுகள். நிதானம் சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"நம்பர் இல்லைன்னு சரியாத்தான் சொன்னீங்க. ஆனா இந்தச் சேறு இப்பத்தான் கழண்டுச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சித்தப்பா கிளம்ப எழுந்தார்.

"ராவினவருக்கு ஒண்ணு தெரியலை. இந்தக் கம்பெனி அதே நம்பரை உள்ளேயும் அடிக்கும்," என்றார் நிதானம்.

மச்சான் போர்க்கை உருவினார். சட்டத்துக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்த அதன் தண்டைத் துடைத்தார். "நாலு... ஏழு... ரெண்டு..."

"ஒண்ணு, ஒண்ணு, எட்டு," என்று கண்ணை மூடியபடி முடித்தாள் அவள். "முன்கம்பியில என்னை உட்கார வச்சுத் தினமும் ஒப்பிக்கச் சொல்வாரு. தொலைஞ்சா கண்டுபிடிக்கணும்ல, பாப்பான்னு."

அவள் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா எங்கேயும் போகலை. அப்படித்தானே?"

அவர் கதவை நோக்கி நடந்தார். நிதானம் கதவைத் தாழிட்டார்.

"போலீசைக் கூப்பிடு. அப்புறம் தூர் வாருறவங்களை வரச்சொல்லு. அடிச்சேறு இன்னும் அள்ளலை."

எதற்கும் முதல் ஆளாய்த் துள்ளி எழும் மச்சான், அன்றைக்கு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.