அன்செல்முக்கு விட்ட இடம்

பாரிஸை ஒட்டிய பில்லான்கூரில் இருந்த குரல்பதிவுக் கூடத்துக்கு அன்றும் எட்டரைக்கே போய்விட்டேன். நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தில் நடிகர்களின் உதடுகளைப் படித்து, பேசுவதை ஒரு நீளப் பட்டையில் எழுதுவது என் வேலை. பட்டை திரைக்கு அடியில் ஓடும். அதைப் பார்த்து வேறொருவர் குரல் கொடுப்பார்.

அன்று என் கையில் இருந்தது அன்செல்ம் வார்த்தியேவின் கடைசிப் படம். பதினொரு படங்களில் ரத்தம் குடிக்கும் பிரபுவாக நடித்தவர். அவர் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. ஆனால் ஒரு படத்திலும் அவர் குரல் இல்லை. கீச்சுக்குரல் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

போன மாதம் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"மதாம் ஹெர்பெலேன், இந்த ஒரு தடவை நானே பேசுறேன்னு சொல்லிப் பாருங்களேன்."

"நான் பட்டை எழுதுறவ, முசியே. என் பேச்சை யாரு கேக்குறா?"

"என் பேச்சைக் கேட்டுட்டாங்களாக்கும்!" என்று சிரித்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார்.

அன்று காலை ஓட்டியது அந்தப் படத்தின் நான்காம் சுருள். சவப்பெட்டிக்குள் பிரபு கண்மூடிக் கிடக்கிறார். வசனம் கிடையாது.

உதடுகள் அசைந்தன.

சுருளைப் பின்னுக்கு ஓட்டினேன். இயந்திரத்தின் எண்ணெய் வாடையில் ஈரமண் வாடை கலந்திருந்தது.

மறுபடி அசைந்தன. உதட்டைப் படித்தேன்.

'எனக்கு இடம் விடுங்க, மதாம்.'

உதடு அசைந்தால் பட்டையில் சொல் இருந்தாக வேண்டும். எங்கள் தொழிலின் முதல் விதி அது. இருபது வருடத்தில் முதன்முறையாக, வெறுமையாக விட்டேன்.

மதியம் பிரபுவுக்குக் குரல் கொடுக்க ஒக்தாவ் வந்தான். அந்த இடத்தில் வெற்றுப்பட்டை ஓடியது.

"தூங்கிட்டீங்களா மதாம்? வாய் அசையுதே!"

"பேசாத," என்றேன் மெல்ல.

ஒலிப்பதிவுக் கருவியின் முள் துள்ளியது. ஒக்தாவின் வாய் மூடியிருந்தது. ஒலிபெருக்கியில் அந்தக் கீச்சுக்குரல், உதட்டோடு இம்மியும் பிசகாமல்:

"நான்தான் பேசுறேன்."

ஒக்தாவ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். எனக்கோ நெஞ்சு லேசானது. கேட்டது கிடைத்துவிட்டது, இனி போய்விடுவார் என்று நம்பினேன்.

திங்களன்று வேறு படம். சிரிப்புப் படம். அதில் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கியது.

உதடுகள் பிரிந்தன.

பல் முளைக்காத அந்த வாய், அன்செல்மைப் போலவே 'மதாம்' என்று தொடங்கி, நிதானமாக, முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தது.

எனக்கு உதட்டைப் படிக்காமல் இருக்கத் தெரியவில்லை.