வெதுவெதுப்பான நுரை

நுரை அடங்கவில்லை. அதுதான் கஜனியின் கண்ணில் முதலில் பட்டது.

மத்தியானம் அவள் கணவன் பிருந்தாபன் குடித்துவிட்டு வைத்த கிளாஸ் மேசையில் அப்படியே இருந்தது. அவள் வேலையால் வந்து, முகம் கழுவி, உடுப்பு மாற்றி, சமைக்கக் குசினிக்குள் நுழைந்தபோதும் அதன் அடியில் நுரை கிடந்தது. பியர் நுரை என்றால் சற்று நேரத்தில் உடைந்து ஓய்ந்துவிடும். இது உடையவில்லை. ஆறிய பாலில் படியும் ஆடையைப் போல மஞ்சளாகத் தடித்து, நடுவில் மெல்ல எழும்பி நின்றது. கழுவுவதற்காக உள்ளே விரலை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுத்தபோது நுரை நூலாக நீண்டு கூடவே வந்தது.

அவள் கிளாஸைக் கழுவி வைத்தாள். அவனிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. ரொய்சி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்த பிருந்தாபனுக்கு மாரிகாலத்தில் முதுகெலும்பு விலகிப்போனது. அன்றிலிருந்து மருத்துவ விடுப்பில், லா சப்பல் மெட்ரோப் பாலத்தை ஒட்டிய இந்தச் சின்ன வீட்டுக்குள், கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பேச்சுக் குறைந்தது. சிரிப்பு நின்றே போனது. பிறகு ஒருநாள், வீடு காலி செய்கிற யாரோ ஒருவரிடம், செவ்ரான் புறநகரில், இந்த பியர்ப் பெட்டியைக் கண்டுபிடித்து வாங்கினான். இடுப்பளவு உயரக் குளிர்பெட்டி. உள்ளே பியர் நிரப்பிய உலோகப் பீப்பாய், பரல்; பியரை மேலே தள்ள ஒரு வாயுச் சிலிண்டர். மேலே, பரலிலிருந்து டியூப் ஏறும் ஓர் உலோகத் தண்டு, அதன் தலையில் குழாய். கூட வேலை செய்த ஜோன்சன் தன் வான் வண்டியில் ஏற்றி வந்து, மூச்சு வாங்க வாங்க மாடிக்குத் தூக்கினான். முதல் கிளாஸ் நிரம்பியபோது பிருந்தாபன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக கஜனி பெட்டியின் வாடையைப் பொறுத்துக்கொண்டாள்.

புளித்த மாவின் வாடை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. நாள்பூராவும் பட்டினி கிடந்தவர் கிட்டே வந்து வாய் திறந்தால் அடிக்குமே, அந்த வாடை.

"இஞ்சை பாருங்கோ, பெட்டியிலை மூண்டு டிகிரி எண்டு காட்டுது. பியர் சுடுதே," என்றாள் அடுத்த நாள்.

"அது மேலை இருக்கிற தண்டு சூடேறுறதாலை. முதல் கிளாஸ் அப்பிடித்தான் வருமாம். வீடியோவிலை சொல்லுறாங்கள்."

இரண்டாவது கிளாஸும் அப்படித்தான் வந்தது. மூன்றாவதும். எதையும் தொட்டியில் ஊற்றிவிட அவனுக்கு மனமில்லை. எல்லாவற்றையும் குடித்தான்.

ஜூன் மாதத்து வெயில் அந்த வருடம் நகரத்தை அவித்துக்கொண்டிருந்தது. வெக்கை உள்ளே வராமல் பகலிலேயே ஜன்னல் பலகைகளை இழுத்து மூடிவிட்டு, பச்சை நிறத் தண்ணீருக்குள் இருப்பது போன்ற மங்கலில் இருவரும் நடமாடினார்கள். மெட்ரோ போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. அது ஓய்ந்த பிறகு பெட்டியின் மோட்டார் மட்டும் இழுத்து இழுத்து இரைந்தது. சளி கட்டிய நெஞ்சு இரைவது போல.

கஜனிக்குக் குளிர்பெட்டிகள் புதிதல்ல. பொபினியில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பமானி குத்திப் பார்ப்பதும் அவள் பொறுப்புத்தான். பழுது எங்கே என்று ஒழுங்காகத் தேடிப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

சுவரோடு ஒட்டி நின்றால் சூடு வெளியேறாது. பெட்டியை முன்னுக்கு இழுத்து, பின்பக்கக் கம்பிகளில் இருந்த தூசியைத் தூரிகையால் வழித்தாள். தூசி உதிரவில்லை. ஒரே பாயாகச் சுருண்டு, பிசுபிசுவென்று கழன்று வந்தது. அதற்குள் மயிர். நீளமானவை, குட்டையானவை, நரைத்தவை. மயிர்களுக்கிடையே குதிக்காலில் உரியும் தோலைப் போன்ற வெள்ளைச் செதில்கள். பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். கை கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

கதவின் ரப்பர் தளர்ந்திருந்தாலும் குளிர் தங்காது. கடைச் சிட்டைத் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

துண்டு உள்ளே போனது.

அவள் கையில் இருந்த பக்கம் விரலுக்குள் வழுக்கி, சிறிது சிறிதாக, முழுதும் உள்ளே போனது. கதவைத் திறந்தபோது அது கூழாகி ரப்பரில் ஒட்டியிருந்தது. ரப்பர் கறுப்பாக இருக்க வேண்டும். மங்கலில் அது வெளிர்சிவப்பாகத் தெரிந்தது. தொட்டாள். மெத்தென்று, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல இருந்தது.

"பழைய ரப்பர்தானே," என்றான் பிருந்தாபன். கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காற்றை அளப்பதில் பயனில்லை, தண்ணீரை அளக்க வேண்டும். கன்டீனில் அப்படித்தான். ஒரு கிளாஸ் தண்ணீரை உள்ளே வைத்து, மறுநாள் வெப்பமானியைக் குத்தினாள். முப்பத்தேழு. இந்த எண்ணை அவள் எந்தக் குளிர்பெட்டியிலும் கண்டதில்லை. மனிதருடைய நாக்கின் கீழ்தான் கண்டிருக்கிறாள். தண்ணீரில் வெள்ளை நூல்கள் மிதந்தன.

ஞாயிறு பின்னேரம் ஜோன்சன் வந்தான். ஒரு மிடறு குடித்தான். அவன் முகம் கோணியது. ஓடிப்போய்க் கழுவும் தொட்டியில் துப்பினான். பிறகு குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான்.

"அண்ணை, இது பியர் இல்லை."

"சூடா இருக்கு, அவ்வளவுதான்."

ஜோன்சன் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, பரலைப் பிடித்து அசைத்தான். அசைத்த கை அப்படியே நின்றது. ஒற்றைக் கையால் அதைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, இது வெறும் பரல். எப்பவோ முடிஞ்சிட்டுது."

பிருந்தாபன் எட்டிக் குழாயைத் திருகினான். மஞ்சளாக, தடித்த நுரையோடு, அது வந்தது. கிளாஸ் நிரம்பும்வரை வந்தது.

ஜோன்சன் படியிறங்கி ஓடிய சத்தம் கீழ்க்கதவு வரை கேட்டது. அதன் பிறகு அவன் போனை எடுக்கவேயில்லை.

கஜனி பெட்டியின் மின்வயரைப் பிடுங்கினாள். வாயுச் சிலிண்டரை மூடினாள். மோட்டார் நின்றது. ஒரு மெட்ரோ வந்து, வீட்டை உலுக்கி, போனது. அந்த அமைதியில், உலோகத் தண்டுக்குள் எங்கோ, எதையோ விழுங்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்குப் பெரிய சாமான் குப்பை ஏத்துறவங்களை வரச்சொல்லுறன். இது இந்த வீட்டிலை இருக்கக் கூடாது."

"ஓம்," என்றான் அவன். கோபமே இல்லை. "உமக்கு ஏன் பயம்? எனக்கு இப்ப முதுகு நோவு கூட இல்லை. பாரும்."

குனிந்து காட்டினான். காலணி மாட்டவும் குனிய முடியாதிருந்தவன் இடுப்பில் மடிந்து, நெற்றி முழங்காலில் பட, அதற்கும் அப்பால் மடிந்தான். எலும்பு நெரியும் சத்தம் வரவில்லை. ஈரத்துணி மடிவது போல மடிந்தான். சட்டைக்குள் விலா ஒவ்வொன்றும் தெரிந்தது. இவ்வளவு மெலிந்ததை அவள் எப்படிக் கவனிக்காமல் விட்டாள்? நிமிர்ந்து அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட வந்தான். அவன் வாயிலிருந்து வந்தது பெட்டியின் வாடை. அவன் உதட்டோரத்தில் மஞ்சள் நுரை. அவள் அவனைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்குள் ஓடி, வெறும் பித்தநீர் வரும்வரை வாந்தி எடுத்தாள். கதவுக்கு வெளியே அவன் நின்றுகொண்டு, "கோவிக்காதையும் கஜனி," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

மறுநாள் குப்பை ஏற்றுபவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்ததும் கன்டீனில் அனுமதி கேட்டுக்கொண்டு நேரத்தோடு வந்தாள். வெயில் தெருவில் வெள்ளையாகக் கொதித்தது. கீழே மரக்கறிக் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால் இருட்டு. எல்லா ஜன்னல் பலகைகளும் அடிவரை இறக்கியிருந்தன.

"இஞ்சை பாருங்கோ. எங்கை நிக்கிறியள்?"

வாசல் நடையில் கால் எதிலோ மோதியது. பரல். அதன் பக்கத்தில் வாயுச் சிலிண்டர். பெட்டிக்குள் இருந்த கம்பித்தட்டு. எல்லாம் ஒழுங்காக, சுவரோரம் அடுக்கியிருந்தன. அவனுடைய சாரமும் சட்டையும் மடித்து மேலே வைத்திருந்தன.

வாடை. இம்முறை சுவரே மூச்சு விடுவது போல.

குசினியில் ஒழுகும் சத்தம்.

குழாய் திறந்திருந்தது. அடியில் ஒரு கிளாஸ். அது நிரம்பி, நுரை விளிம்பைத் தாண்டி, பெட்டியின் முகத்தில் வழிந்து, தரையில் தேங்கியிருந்தது. அவளுடைய வெறுங்காலுக்கு அது சூடாக இருந்தது. காலை எடுத்தாள். ஒட்டியது.

பரல் நடையில் இருக்கிறது.

அப்படியானால் இது எதிலிருந்து வருகிறது?

திறக்காதே என்று உடம்பு முழுதும் சொன்னது. கை கதவைப் பிடித்தது. ரப்பர் விட மனமில்லாமல், ஈரச் சத்தத்தோடு, விட்டது.

அவன் உள்ளே இருந்தான்.

ஆள் கொள்ளாத பெட்டி. அதற்குள் நாலு மூலையையும் நிரப்பி, மடித்த துணியாக, அவன். கால்கள் எங்கே என்று தெரியவில்லை. தோல் முழுதும் மஞ்சள் ஈரம். தண்டிலிருந்து இறங்கிய டியூப் அவன் வாய்க்குள் போயிருந்தது. உதடுகள் அதைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் ஒட்டி, டியூபோடு ஒன்றாய் வளர்ந்திருந்தன. தொண்டை அசைந்தது. விழுங்குவது போல அல்ல. கீழிருந்து மேலாக. மேலாக. மேலாக.

கண்கள் திறந்திருந்தன. அவளைக் கண்டன. அவற்றில் வலி இல்லை. பயம் இல்லை.

அவள் கதவை இன்னும் விடவில்லை.

பிருந்தாபன் மெல்ல அசைந்தான். சதை சதையிலிருந்து பிரியும் சத்தம். நிரம்பிய பஸ்ஸில் நிற்பவருக்காகப் பக்கத்தில் நகர்ந்து கொடுப்பதுபோல, அன்பாக, சுவரோடு சுவராக ஒடுங்கி, தன்னருகே அவளுக்கு இடம் விட்டான்.