ஓரகத்தியின் வயது

திருமண மண்டபத்தில் மணமக்களைவிட மரகதவல்லியைச் சுற்றித்தான் கூட்டம் அதிகமாக இருந்தது. ஒவ்வொருவராக வந்து அவளுடைய இடது கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். தோலுக்கடியில் பதித்திருந்த வயதுமானி முப்பத்தாறு என்று பச்சையாக ஒளிர்ந்தது. அவள் பிறந்து நாற்பத்தேழு வருடங்கள் ஆகின்றன.

சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த சுடர்க்கொடி புடவைத் தலைப்பை இழுத்துத் தன் மணிக்கட்டை மூடிக்கொண்டாள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. வயதுமானி ஐம்பத்தொன்று காட்டியது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கு மரகதம், தம்பி அருணகிரிக்குச் சுடர். வயதுமானி வராத காலத்தில் அவர்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இருந்ததில்லை. இரத்தத்தை ஓயாமல் அளந்து, உடம்பு எத்தனை வயதுக்குத் தேய்ந்திருக்கிறது என்று அந்தக் கருவி சொல்ல ஆரம்பித்த பிறகு, யாரும் யாருடைய பிறந்த வருடத்தையும் கேட்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள்.

"என்ன மருந்துக்கா சாப்பிடுறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மருந்தெல்லாம் இல்லம்மா. வீட்டுல சமைச்சுச் சாப்பிடுறேன்" என்றாள் மரகதம்.

எல்லோரும் சிரித்தார்கள். எந்த வீட்டில் இப்போது அடுப்பு இருக்கிறது? ஊண்பொறியில் கூழ்க்குப்பியைச் செருகினால் இட்லியும் பிரியாணியும் சுடச்சுட வார்த்துத் தந்துவிடும். ரகசியத்தை மறைக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். சுடரும் அப்படித்தான் நினைத்தாள். அவளுக்கு அது இன்னும் அதிகமாக எரிந்தது. அந்தக் கூழ்க்குப்பிகளுக்குச் சுவை வரைந்து கொடுப்பதே அவள் வேலை. ஊர் முழுக்கச் சாப்பிடுவது அவள் வரைந்த சாம்பார்.

அடுத்த ஞாயிறு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் மரகதத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மருந்துப் புட்டி ஏதாவது கண்ணில் படும் என்று நம்பினாள். கதவு திறந்ததும் வெங்காயம் வதங்கும் மணம் முகத்தில் அடித்தது. உள்ளே நிஜமாகவே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் ஆய்ந்த முருங்கைக்கீரை, வாணலியில் புளிக்குழம்பு, பக்கத்தில் சாமை அரிசிச் சோறு.

"வா சுடர், சரியான நேரத்துக்கு வந்திருக்க. உக்காரு, சாப்பிடலாம்."

சுடர் சாப்பிட்டாள். ருசி தொண்டையில் இறங்க இறங்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. இருபது வருடப் படிப்பிலும் வேலையிலும் தன்னால் வரைய முடியாத ஒரு ருசியை, ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற இவள் கரண்டியால் கிண்டி வைத்திருக்கிறாள்.

"உனக்கும் சொல்லித் தரட்டுமா? ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள் மரகதம்.

இவளிடம் போய்ப் பாடம் கற்பதா? "வேண்டாங்கக்கா, எனக்கு நேரமில்ல" என்ற சுடர், கிளம்பும்போது மட்டும், "அவருக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன்" என்று எல்லாவற்றிலும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டாள்.

அருணகிரிக்கு ஒரு பருக்கைகூடப் போகவில்லை. மறுநாள் அலுவலகத்தில் சுவைநகலிக்குள் அந்தக் கிண்ணங்கள் போயின. எந்தச் சாப்பாட்டையும் உடைத்து, அதன் மணம், ருசி, சத்து அத்தனையையும் கூழில் பிரதியெடுக்கும் கருவி அது. வந்து விழுந்த குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதே குழம்பு. மரகதத்தின் பெருமை ஒரு குப்பிக்குள் அடங்கிவிட்டது என்று மனம் குளிர்ந்தது.

அதைத் தன் புதிய படைப்பாகக் காட்டத்தான் கூட்டத்துக்குப் போனாள். ருசி பார்த்த விற்பனைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "இது நம்ம கைப்பக்குவம் மாதிரி இல்லையே. யாரோடது?"

பொய் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நகலி மூலச்சாப்பாட்டின் படத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டு மூத்த மருமக ஒருத்தி, இன்னும் அடுப்பு வெச்சுக்கிட்டுச் சமைக்கிறா" என்றாள் இளக்காரமாக. எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. "அவங்க வயதுமானி என்ன காட்டுது?" என்று கேட்டார் தலைவர்.

மழைக்காலம் முடிவதற்குள் திருச்சியின் ஒவ்வொரு பேருந்தின் முதுகிலும் மரகதவல்லி சிரித்தாள். 'மரகதம் சமையல்' குப்பி தட்டுப்பாடாகிப் போனது. நிறுவனம் அனுமதி கேட்டபோது, "எல்லாருக்கும் நல்ல சாப்பாடு கெடைச்சாச் சரிதானே" என்று அவள் ஒப்புக்கொண்டாளாம். சுடர் சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் பேருந்தில் உட்காருவாள். எதிரே வரும் பேருந்திலும் அந்த முகம் வருமே! தன் கையாலேயே அவளைத் தூக்கி ஊர் நடுவில் உட்காரவைத்ததை நினைத்து நினைத்து இரவெல்லாம் புரண்டு படுத்தாள்.

மற்றவர்களைப் போலவே அவளும் அந்தக் குப்பியைச் சாப்பிட்டுப் பார்த்தாள். வயதுமானி அசையவில்லை, யாருக்குமே அசையவில்லை. காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. கூழாக அரைத்த கீரையில் நார் இருக்கிறது, ஆனால் நொறுங்கிக் கிடக்கிறது. மென்று விழுங்கிய கீரையின் நார் குடலின் கடைசிவரை போய் அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். கூழோ பாதி வழியிலேயே கரைந்து, சர்க்கரையாக இரத்தத்தில் பாய்ந்துவிடும். போதாததற்கு, குப்பி கெடாமலிருக்க ஊற்றும் திரவம் வேறு. நகலி எல்லாவற்றையும் பிரதியெடுத்தது. உடம்பு செய்யவேண்டிய வேலையை மட்டும் விட்டுவிட்டது.

அப்படியானால் மரகதத்தை ஜெயிக்க ஒரே வழிதான் இருந்தது.

பழைய சாமான் கடையில் ஓர் அடுப்பு வாங்கினாள். முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. அடுத்த நாள் குழம்பு உப்புக் கரித்தது.

"எதுக்கு இந்த வேலை? அண்ணிகிட்டயே கேட்டாச் சொல்லித் தருவாங்களே" என்றான் அருணகிரி.

"உங்க அண்ணி பேச்சை இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்று கரண்டியை ஓங்கினாள் சுடர். அவன் கரித்த குழம்பையே சாப்பிட்டு முடித்தான்.

மரகதத்தின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் வெங்காயம் நறுக்கினாள். அவளைவிட நன்றாக, அவளைவிட நன்றாக என்று முனகிக்கொண்டே தாளித்தாள். சந்தையில் விரல் வைத்துக் கத்திரிக்காய் பொறுக்கப் பழகினாள். பசித்த பிறகே சாப்பிட உட்காரப் பழகினாள். மெல்ல மெல்ல மூட்டுவலி போயிற்று. வயதுமானி ஐம்பதானது, நாற்பத்தாறானது. ஒரு வருடத்துக்கும் மேலாகி, சித்திரையில் முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. மரகதம் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

மரகதம் வந்தாள். ஒரு மதியம், முன்னறிவிப்பில்லாமல், முகம் உப்பி, மூச்சு வாங்கியபடி வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் அகலமான கங்கணம்.

"வாசனை படி வரைக்கும் வருது சுடர். கொஞ்சம் சோறு போடுறியா?"

சுடர் தட்டு வைத்தாள். மரகதம் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டபோது கங்கணம் நகர்ந்தது. உள்ளே ஐம்பத்துமூன்று சிவப்பாக எரிந்தது.

"என்னக்கா இது?"

"ரயில்வே வேலையை விட்டுட்டேன்ல, கம்பெனிக்காரங்க ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறாங்க. மேடைக்கு மேடை அந்தக் குப்பியைத்தான் சாப்பிடணும். வேற எதையும் நான் சாப்பிடுறதை யாரும் பாக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம். வீட்டு அடுப்பைத் தொட்டு ஒரு வருஷமாச்சு." அவள் சுடரின் மணிக்கட்டையே பார்த்தாள். "உன்னைப் பாத்தாப் பொறாமையா இருக்குடி."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுடர் இத்தனை நாள் வெங்காயம் நறுக்கினாள். வார்த்தை வந்துவிட்டது. இனிக்கும் என்று நினைத்தது பெரிதாக இனிக்கவில்லை. மரகதத்தைக் கொண்டாடிய ஊர் முழுக்கக் குப்பியில் வாய் வைத்துக் கிடக்க, அவளைப் பொறுக்க முடியாத ஒருத்திதான் அவளைப்போலச் சாப்பிட்டிருக்கிறாள் என்ற எண்ணம் வந்து உறுத்தியது.

"தெனம் மத்தியானம் இங்க வந்து சாப்பிடட்டுமா? கதவை மூடிக்கிட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள் மரகதம், கெஞ்சுகிற குரலில்.

சுடர் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இவள் வந்தால் இவள் எண் இறங்கும். முப்பத்தாறுக்கே திரும்பிப் போய்விடும். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மரகதம் காலித் தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. ஆனா சும்மா உக்காந்து சாப்பிட முடியாது. கீரை ஆயணும்."

மறுநாளே மரகதம் வந்தாள். ஒப்பந்தம் முடியும்வரை கங்கணத்தைக் கழற்றப் போவதில்லை என்றாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சுடர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிக்குள் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு கேட்காமலே புடலங்காயை எடுத்து, நூல் பிடித்ததுபோல ஒரே அளவில் நறுக்கினாள். "தம்பி மெலிசா நறுக்கினாத்தான் விரும்பிச் சாப்பிடும்" என்றாள். சாப்பிட உட்கார்ந்த அருணகிரி, "புடலங்காய் இன்னிக்குப் பிரமாதம் அண்ணி" என்று சொல்லிவிட்டான்.

சுடர் அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த நாள் காலை வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து சந்தைக்குப் போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பொரியல், ஒரு கூட்டு.